லீவு முடியாத அப்பா

எங்கள் வீட்டில் தீபாவளி எப்போது வரும் என்று பஞ்சாங்கத்துக்குத் தெரியாது. பட்டாளத்துக்குத்தான் தெரியும்.

அப்பாவுக்கு லீவு கிடைத்தால் தீபாவளி. பங்குனி வெயிலில் கிடைத்தால் பங்குனியில். ஆடிக் காற்றில் கிடைத்தால் ஆடியில். ஐப்பசியில் ஊரே வெடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் நாலு இட்லி அவித்து, எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, அம்மா எங்களை உட்கார வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள். பட்டாசு வாங்குவோம், வெடிக்க மாட்டோம். பிஸ்கட் டின்னில் தவிட்டைக் கொட்டி, அதற்குள் சரத்தையும் புஸ்வாணத்தையும் விதை மாதிரிப் புதைத்து, ஈரம் படாத பரணில் ஏற்றிவிடுவாள். நானும் தம்பியும் தெருவில் நின்று மற்ற பிள்ளைகள் கொளுத்துவதை வேடிக்கை பார்ப்போம். ஏக்கமாக இருக்காதா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். அடப் போங்க. அவர்களுக்கெல்லாம் அன்றோடு தீபாவளி தீர்ந்துபோனது. எங்களுக்கு இனிமேல்தான். தெருவில் காகிதக் குப்பையாகக் கிடக்கிற பண்டிகையைவிடப் பரணில் உட்கார்ந்திருக்கிற பண்டிகை பெரியது.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருந்தது. பஸ் நின்றால் ஊர், நிற்காவிட்டால் வெறும் ரோடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் ரோட்டோரத்து வேப்பமரங்கள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவை மாதிரி முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கம் பருத்தி, அந்தப் பக்கம் சோளம், நடுவே கரிசல் வெடிப்பு. அதைத் தாண்டி, எங்கேயோ வடக்கே, மூக்கு உறைந்துபோகிற குளிரில் அப்பா. ஹவில்தார். ஊரில் எங்களுக்கு வேறு அடையாளமே கிடையாது. மிலிட்டரிக்காரர் வூடு, மிலிட்டரிக்காரர் பொண்ணு, மிலிட்டரிக்காரர் பையன். எங்கள் வீட்டுக் கோழிகூட மிலிட்டரிக் கோழிதான்.

எதிர்வீட்டில் ஓர் அத்தை. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதால் எங்களுக்கு அத்தை. சொந்தமா, எந்த வழி என்று யாரும் கேட்டதில்லை. ஆடி மாதத்து விடியற்காலையில் எங்கள் வாசலில் சரம் வெடித்ததும், தூக்கம் கலைந்த முகத்தோடு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"ஏன் அண்ணி, ஊருக்கெல்லாம் தீவாளி வந்துட்டுப் போயி மாசக்கணக்காவுது. ஒங்க வூட்டுக்கு மட்டும் நடந்தா வருது?"

"ரயில்ல வருது" என்பாள் அம்மா. "அரியலூர்ல எறங்கி பஸ் புடிச்சி வரணும்ல. லேட்டாவாதா?"

"அப்ப பொங்கலு?"

"அதுவும் அதே ரயிலுதான். பின்னாடிப் பொட்டில ஏறியிருக்கு."

சொன்ன மாதிரியே அடுத்த வாரம் பொங்கல். கரும்புக்கு எங்கே போவது? அப்பா காட்டிலிருந்து பச்சைச் சோளத்தட்டை இரண்டை வெட்டி வந்து வாசலில் சாய்த்துவைத்து, "எங்க ரெஜிமெண்டுல கரும்பு இப்படித்தான் ஒல்லியா இருக்கும்" என்றார். தம்பி அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, இனிக்குது இனிக்குது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எங்களிடம் மாடு கிடையாது. அத்தை வீட்டு மாட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்து, பொங்கல் ஊட்டி அனுப்பினோம்.

"வருசத்துக்கு ரெண்டு பொங்கலு. ஒங்களால இதுக்குத் திமிரு ஏறிப்போச்சு. வைக்கோலைக் காட்டுனா மொகத்தத் திருப்புது" என்று அத்தை மாட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

வேறு வேறு மாதத்தில் பிறந்த எனக்கும் தம்பிக்கும் லீவில் ஒரே நாளில் பிறந்தநாள். யார் பெரியவர் என்கிற சண்டை அன்று ஒருநாள் மட்டும் செல்லாது. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, என் பேனா, அப்பாவின் ஷேவிங் செட், பூட்ஸ் பிரஷ். பட்டாளத்து வீட்டில் இருந்த ஆயுதங்கள் அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டை. மேலே ஏறியதும் அப்பாவுக்கு ரத்தம் சூடாகிவிடும். இங்கே ஒரு பிளாட்டூன், அந்த மதில் திரும்புகிற இடத்தில் ரெண்டு பேர் என்று கையை வீசிக் கோட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். தம்பியை ஓட்டை ஒன்றில் காவலுக்கு நிறுத்திவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால், "எதிரி வரலப்பா, நான் சாப்ட வரட்டா?" என்று கல்லுக்குள்ளிருந்து குரல் கேட்கும்.

இரண்டு மாதத்துக்குள் ஒரு வருஷம். அதுதான் எங்கள் கணக்கு. ஊரில் மற்றவர்கள் மெதுவாக மெல்லுகிற வருஷத்தை நாங்கள் அப்படியே வாயில் போட்டு விழுங்கினோம். மிச்ச மாதங்களில் அசைபோட்டோம்.

லீவில் வந்த மனிதரிடம் வேலை வாங்கக் கூடாது. இது அம்மாவின் சட்டம். ஒரு குடம் தண்ணீரைத் தூக்க விட மாட்டாள். "ரெண்டு மாசம் இருக்கப்போற மனுசன், உக்காருங்க." குழம்பில் உப்புக் கூடினாலும் அப்பா நல்லாருக்கு என்பார். நானும் தம்பியும் அடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் கொல்லைப்பக்கம் போய், சத்தம் வராமல் அடித்துக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு திரும்பி வருவோம். அப்பா முன்னால் நாங்கள் யாரும் அழுக்கில்லை, சோம்பலில்லை, கோபமில்லை. பண்டிகைச் சட்டை போட்ட வீடு.

இன்னொரு சட்டம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் "போகாதீங்க" என்று சொல்ல மாட்டார்கள். போயே ஆக வேண்டிய மனிதரின் காலில் அந்தப் பேச்சைக் கட்டி அனுப்பக் கூடாது. தம்பி நடக்கப் பழகிய வயதில் ஒருமுறை ஸ்டேஷனில் அப்பா காலைக் கட்டிக்கொண்டு கத்தியபோது, அம்மா அவன் வாயில் எள்ளுருண்டையை அடைத்தாள். அழுகை வேண்டியவர்கள் ரயில் போன பிறகு அழலாம். அதற்குள் அழுகையும் வடிந்துபோயிருக்கும்.

அதற்குப் பதில் அம்மா முறுக்குச் சுடுவாள். லீவு முடியப்போகிறது என்பது எங்களுக்கு மூக்கு வழியாகத்தான் தெரியும். ஒரு நாள் காலை அரிசி ஊறும். மத்தியானம் எண்ணெய் காயும். முறுக்கு, எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். அப்பாவுக்கு மட்டுமில்லை, அங்கே அவரோடு படுத்து எழுந்திரிக்கிற அத்தனை பேருக்கும். தம்பி கறுப்பு டிரங்குப் பெட்டியை வெளியில் இழுத்துப்போட்டுத் துடைப்பான். நான் டின்களுக்குத் துணி கட்டுவேன். எதிர்வீட்டு அத்தை தன் பங்குக்கு ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயோடு வந்து, "நம்ம ஊர்க் காரம் வேணும்ல, பனிக்கு" என்பாள். "போகாதீங்க" என்பதை நாங்கள் இப்படி எண்ணெயில் பொரித்து எடுத்தோம்.

அந்தப் பங்குனியில் அப்பா வந்தது லீவில் அல்ல. பென்ஷன்.

அரியலூர் ஸ்டேஷனில் போய் அழைத்துவந்தோம். அதே பெட்டி, அதே சுருட்டின படுக்கை, அதே சிரிப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை வெளியே வைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொன்னார்.

"ரிட்டயர் ஆனவங்கள மறுபடியும் எடுத்துக்கறாங்க. காவல் வேலை. வடக்கேதான் போடுவாங்க. திருச்சியில போயிப் பேர் குடுக்கணும். ஆடிக்குள்ள சொல்லணுமாம்."

அம்மா "ம்" என்றாள்.

எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா போகக் கூடாது. அம்மாவுக்கும் அதுதான் வேண்டும் என்பது அவள் முந்தானையைத் திருகிய திருகலிலேயே தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லுகிற பழக்கம் எங்கள் வாய்க்கு இல்லை.

எனவே பழகியதைச் செய்தோம். வந்த மூன்றாம் நாள் தீபாவளி. பரணிலிருந்து டின் இறங்கியது. சித்திரையில் பொங்கல், சோளத்தட்டைகூட இல்லாத வெயிலில். பிறந்தநாள்கள். ஆயுத பூஜை. ரஞ்சன்குடி. வைகாசி பிறந்தபோது ஒரு வருஷத்துப் பண்டிகையும் தீர்ந்துவிட்டது. பரண் காலி. மறுநாள் காலையில் அப்பா எழுந்து முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். அன்று ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை. வெறும் செவ்வாய்க்கிழமை.

வெறும் கிழமைகளில் ஓர் அப்பாவை என்ன செய்வது?

அவர் எங்களுக்கு முன்னால் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டைச் சுற்றிக் கல் பதித்தார். எங்கள் பக்கத்துக் காட்டில் உழும்போது கல்லாகிப்போன சிப்பிகள் கிளம்பும். எப்போதோ இங்கே கடல் இருந்ததாம். அந்தச் சிப்பிகளைப் பொறுக்கி வந்து, வாசலிலிருந்து கொல்லை வரை நூல் பிடித்து இரண்டு வரிசை நட்டு, ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்தார். வேப்பமரத்துக்கு இடுப்பளவு வெள்ளை. துவைக்கிற கல்லுக்கு வெள்ளை. அடுக்களையில் டப்பாக்களை உயரப்படி நிறுத்தினார். அதில் கடுகும் கேழ்வரகும் இடம் மாறி அம்மா தாளிக்கும்போது கேழ்வரகு பொரிந்தது. கேழ்வரகு தாளித்த ரசத்தை நாங்கள் மூன்று பேரும் நல்லாருக்கு என்று குடித்தோம்.

எதிர்வீட்டு அத்தை சிப்பி வரிசைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். "அண்ணே, உள்ள வரலாமா? இல்ல, கேட்டுல பாஸ் வாங்கணுமா?"

"இடது பக்கமா வாம்மா. வலது பக்கம் இன்னும் காயல."

"எங்க வூட்டு ஆட்ட வேணா ஓட்டியாறவா? அதுவும் தெனம் கோணலாத்தான் நிக்குது."

காலையில் விடிவதற்குள் எழுந்து கம்பளியை நாலு மூலையும் சேர மடித்துவைத்துவிட்டு அம்மா பின்னால் நிற்பார். "நான் போயித் தண்ணி எடுத்தாரட்டா?"

"ஐயோ, நீங்க எதுக்கு? உக்காருங்க."

"வெறகு பொளந்து தரட்டா?"

"அதெல்லாம் ஆளு வரும். நீங்க டீ குடிங்க."

உட்கார்ந்தார். டீ குடித்தார். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போய் சண்டைக் கதை சொன்னார். கடையில் இருந்தவர்கள் முதல் வாரம் வாயைப் பிளந்து கேட்டார்கள். அப்புறம் அவர்களே அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். "அந்தப் பாலத்துக்கு அடியில பதுங்குனத விட்டுட்டீங்களே சார், அதையும் சொல்லுங்க." கதையும் தீர்ந்தது. அப்பா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டுக்குள் நடக்கும்போதே விருந்தாளி மாதிரிச் சுவரோரமாக நடந்தார். சின்ன வயதிலேயே பென்ஷன் வாங்கிய மனிதர். கையும் காலும் இன்னும் பெரிய வேலைக்குக் காத்திருந்தன. நாங்கள் அந்தக் கையில் டீ டம்ளரைத் தவிர எதையும் கொடுக்கவில்லை.

அப்புறம் அது நடந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை.

ஒரு காலையில் அம்மா அரிசி ஊறப்போட்டாள்.

மத்தியானம் எண்ணெய் காய்ந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு டின்களுக்குத் துணி கிழித்தேன். தம்பி டிரங்குப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துவந்து நடுக்கூடத்தில் போட்டுத் துடைத்தான். எதிர்வீட்டு அத்தை ஊறுகாய் ஜாடியோடு வந்து, "எப்ப அண்ணி ரயிலு?" என்றாள். "வர்ற வெள்ளி" என்றாள் அம்மா, முறுக்கைத் திருப்பிப் போட்டபடி. யாருக்கும் உறைக்கவில்லை. அப்பா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் கைகளுக்கு அது தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் செய்த வேலை. லீவு முடிந்தால் முறுக்கு. கை தானாகச் செய்தது.

அப்பா டீக்கடையிலிருந்து திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார். எண்ணெய் வாசனை. திறந்த பெட்டி. வரிசையாக டின்கள், உயரப்படி. அதையெல்லாம் நிதானமாகப் பார்த்தார். பெட்டிக்குள் தம்பி ஒரு கால் வைத்து நின்று மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றார் அப்பா. "வெள்ளிக்கெழமையே போயிடறேன். திருச்சியில பேர் குடுத்துடறேன்."

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் முகத்தில் எண்ணெய் தெறித்த மாதிரி ஒரு சுளிப்பு. நாங்களே அவரைக் கிளப்பிவிட்டோம் என்று எனக்கும் புரிந்தது. அம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. பழக்கமில்லாத வார்த்தை எங்கிருந்து வரும்? "முறுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க, சூடா இருக்கு" என்றாள். அப்பா எடுத்துக்கொண்டார். அவர் கடித்த சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் கிளம்பினோம். திருச்சிக்குப் பேர் கொடுக்கத்தான் போகிறார். பெரம்பலூர் போய் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். பெட்டியும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டில் வழியனுப்புவது என்றால் அரியலூர் ஸ்டேஷன்தான், பெட்டி படுக்கையோடுதான். அதை யோசிக்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு மேலே பெட்டி, மடியில் டின்கள். நாலு பேரும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டு வந்தோம். தம்பி மட்டும் நடுநடுவே, "பனி இருக்கிற ஊராப்பா திருச்சி?" என்று கேட்டான்.

ஸ்டேஷனில் எங்களுக்குத் தெரிந்த போர்ட்டர் ஒருத்தர். வருஷம் தவறாமல் அப்பா பெட்டியைச் சுமந்தவர். சிரித்துக்கொண்டே தலைக்குச் சும்மாடாகத் துண்டைச் சுருட்டினார்.

"லீவு முடிஞ்சிச்சா சார்? இந்தத் தடவ எங்க போஸ்டிங்கு?"

அப்பா பெட்டியைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா போர்ட்டரிடம் சொன்னாள். "எங்கயும் இல்லண்ணே. பழக்கதோசத்துல கெளம்பி வந்துட்டோம்."

போர்ட்டர் கையில் துண்டோடு அப்படியே நின்றார். அம்மாவுக்கு அடைத்திருந்த வாய் திறந்துவிட்டது. இனி மூடாது போலிருந்தது. அப்பா பக்கம் திரும்பினாள். பிளாட்பாரத்தில், நாலு பேர் பார்க்க.

"நான் ஒங்கள அனுப்பவா முறுக்குச் சுட்டேன்? ரெண்டு மாசம் ஆனா எங்கையி அரிசிய ஊறப்போடுது. நான் என்ன பண்ணட்டும்? எங்களுக்கு ஒங்களோட பண்டிக கொண்டாடத் தெரியும். சும்மா இருக்கத் தெரியல. இதுவரைக்கும் இருந்ததில்லையே. பழகிக்கிறதுக்குள்ள நீங்க பாட்டுக்குப் பெட்டியத் தூக்குனா?"

"நீதானேம்மா பெட்டிய எடுத்து வெச்ச."

"எடுத்து வெச்சா? வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு வாயில்லையா?"

"ஒனக்கு?" என்றார் அப்பா.

அம்மா கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தாள். பிறகு, தெருக்குழாயில் குடம் மாற்றி வைத்தவளிடம் பேசுகிற குரலில், உரக்க, சண்டைக்காரி மாதிரி, "போவாதீங்க" என்றாள்.

நான் அதை அவள் வாயிலிருந்து அதற்கு முன்பு கேட்டதில்லை. அப்பாவும்தான். ஹவில்தார் அட்டென்ஷனில் நின்றுவிட்டார். பிறகு மெதுவாகப் பெட்டிமேல் உட்கார்ந்து, "எனக்கும்தான் தெரியல, சும்மா இருக்க. நீ ஒரு வேலையும் தரமாட்டேங்கற. சிப்பிக்கு எத்தன தடவதான் சுண்ணாம்பு அடிக்கறது?" என்றார்.

"கேழ்வரகுல தாளிக்க வெச்சீங்களே, அது போதாதா?"

"அது கேழ்வரகா?" அப்பா நிஜமாகவே திகைத்தார். "நான் புது விதமான ரசம்னுல்ல நெனச்சேன்."

தம்பி முதலில் சிரித்தான். அப்புறம் போர்ட்டர். "தங்கச்சி, ரயிலு வருது. ஏத்தவா, வேணாமா? ஒண்ணு சொல்லுங்க" என்றார். அம்மா ஒரு டின்னின் துணியை அவிழ்த்து இரண்டு கைநிறைய முறுக்கை எடுத்து அவர் துண்டில் போட்டாள். அதுதான் பதில். ரயில் வந்தது, நின்றது, அரியலூரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் நாலு பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பொரிவிளங்காய் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தோம். அது கல் மாதிரி. வாயில் இருக்கும்போது யாரும் உணர்ச்சிவசப்பட முடியாது. எங்கள் வீட்டுக்கு ஏற்ற பலகாரம்.

ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிர்வீட்டு அத்தை கையில் கேனோடு ஓடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை.

"ஏன் அண்ணே, ரயிலு கெடைக்கலயா? அண்ணி, ரேசன் கடையில சீமெண்ண ஊத்துறான். சீக்கிரம் வாங்க!"

அம்மா அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பிள்ளைகள் பசியில். வீட்டுக்குள் போய்ச் சீமெண்ணெய்க் கேனை எடுத்துவந்தாள். எனக்கு நீட்டப்போன கை நடுவழியில் திரும்பியது. அப்பாவிடம் கொடுத்தாள்.

"போயி வரிசைல நில்லுங்க."

அப்பா கேனை வாங்கிக்கொண்ட விதத்தை எழுத எனக்கு எப்போதும் வாக்கியம் அமைந்ததில்லை. மெடலை இப்படி வாங்கியிருக்க மாட்டார். பிரயாணச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சிப்பி வரிசைக்கு நடுவில் விறுவிறுவென்று நடந்து போனார்.

வெயில் தாழ்ந்தது. அத்தை நிரம்பிய கேனோடு திரும்பி வந்துவிட்டாள். தெருவில் எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்பா கடைசியாக வந்தார். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் பெருமை. கேனைக் கீழே வைத்தார். அது வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. காலி.

"என்னாச்சு?" என்றாள் அம்மா.

"ஒரே தள்ளுமுள்ளும்மா. வரிசையா அது? நான்தான் ஒழுங்கு பண்ணேன். ரெண்டு லைன். பொம்பளைங்க தனி, ஆம்பளைங்க தனி. கைக்கொழந்தக்காரங்க முன்னாடி. ஒரு சத்தம் இல்ல தெரியுமா? கடைக்காரரே வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு."

"நீங்க எங்க நின்னீங்க?"

"கடைசில."

"கடைசிலயா?"

"மொதல்ல ஜவானுங்க. எல்லாரும் வாங்குனதுக்கு அப்புறம்தான் ஹவில்தார் வாங்கணும். அதான் முறை" என்றார் அப்பா, இது தெரியாதா என்கிற மாதிரி. "எம் முறை வரும்போது பீப்பாய் தீந்துபோச்சு."

அம்மா இடுப்பில் கை வைத்தாள். எதிர்வீட்டு அத்தையின் அதே நிற்பு.

"எல்லையில நின்னு ஒரு நாட்டையே காப்பாத்துன மனுசன். ஒரு கேன் சீமெண்ணெயக் காப்பாத்தத் தெரியல! ஜவானாம், ஹவில்தாராம். அங்க நின்னவங்கள்லாம் ஒங்க ஜவானா? அந்த எதிர்வூட்டுக்காரி ரெண்டு தடவ வாங்கியிருக்கா, தெரியுமா ஒங்களுக்கு? ஒருதடவ கைக்கொழந்த லைன்ல!"

"அந்தக் கொழந்த அவளோடது இல்லையா?"

"அவ கொழந்த காலேஜு போவுது!"

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தவில்லை, கொல்லைப்பக்கம் ஓடவில்லை. அவர் எதிரிலேயே, வயிறு வலிக்க. தம்பி தரையில் விழுந்து புரண்டான். அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். முதல்முறையாக எங்களுக்குப் பல் இருப்பதைக் கண்டுபிடித்தவர் மாதிரி. பிறகு அவரும் சிரித்தார். அம்மா மட்டும் விடவில்லை. விளக்குக்கு என்ன ஊற்றுவது, அடுப்புக்கு எத்தனை நாள் வெறும் விறகை ஊதுவது என்று அடுக்களைக்குள்ளிருந்தும் குரல் வந்துகொண்டே இருந்தது. லீவில் வந்த மனிதரிடம் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசினார். மடிக்கவில்லை. அடுக்களை வாசலில் போய் நின்று கேட்டார்.

"அடுத்தது எப்ப ஊத்துவான்?"

"ம்? பதினஞ்சு நாள் ஆவும்."

"சரி, அப்ப நான் பாத்துக்கறேன்."

உள்ளே ஊதுகுழல் சத்தம் நின்றது. பிறகு அம்மாவின் குரல், கோபத்தை இன்னும் கீழே இறக்கிவைக்காத குரல்.

"அப்பயாச்சும் முன்னாடி நில்லுங்க."